விழுந்தவரைத் தூக்கும் முன்

சாரத்திலிருந்து தவறி விழுந்த கொத்தனாரை உடன் வேலை செய்வோர் கை கால்களைப் பிடித்துத் தூக்கி, சரக்கு ஆட்டோவில் கிடத்தி, மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுவருவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தாமதித்தால் உயிர் போய்விடுமோ என்னும் பதைப்பே அதற்குக் காரணம். அந்த அன்பைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. ஆயினும், அவ்வாறு தூக்குவதே சிலருக்குப் பெருந்தீங்காக முடிகிறது.

முதுகெலும்பு முறிந்தாலும், அதனுள் செல்லும் தண்டுவடம் சேதமின்றித் தப்பியிருக்கக்கூடும். உடல் வளையுமாறு தூக்கும்போது, முறிந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். விழுந்தபோது கால்களை அசைக்க முடிந்தவர், அதன்பின் அசைக்க இயலாதவராகிவிடலாம்.

ஆகவே, மின்சாரம், தீ, சரியும் சுவர் போன்ற ஆபத்து அருகில் இருந்தாலன்றி, விழுந்தவரை இடம் மாற்ற வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையும் கழுத்தும் அசையாதவாறு இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். நீரோ சோடாவோ புகட்ட வேண்டாம். அது மூச்சுக்குழாயினுள் புகுந்துவிடலாம். இரத்தம் பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சு நின்றிருந்தால் மட்டும் வேறு எதற்கும் காத்திராமல், தொலைபேசியில் 108 ஊழியர் கூறும் முறைப்படி மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

விழாமல் காப்பது இவை அனைத்தினும் மேலானது. பாதுகாப்பு பெல்ட்டை உடலில் அணிந்தால் மட்டும் போதாது. அதன் கொக்கியை அசையாத, உறுதியான இடத்தில் மாட்டினால்தான் அது காக்கும். தலைக்கவசத்தின் நாடாவைத் தாடையில் இறுக்கிக் கட்ட வேண்டும். லிப்ட் குழியையும் தளத்தின் திறப்புகளையும் மூடி வைப்பதும், சாரத்தின் ஓரத்தில் தடுப்பு அமைப்பதும், மழைக்குப் பின் கட்டுகளைச் சோதிப்பதும் வேலை நடத்துவோரின் கடமை. இவற்றைக் கேட்டுப் பெறத் தொழிலாளர் தயங்க வேண்டியதில்லை.

எங்களிடம் சிகிச்சை பெறும் தொழிலாளருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய்க்கான மருந்தை உட்கொண்டு, காலை உணவைத் தவிர்த்துவிட்டுச் சாரம் ஏறினால் மயக்கம் வரலாம். சளி, ஒவ்வாமை மருந்துகள் சில தூக்கத்தைத் தரும். வலிப்பு நோயுள்ளவர் உயரத்தில் ஏறுதல் ஆகாது. வேலை போய்விடும் என்றஞ்சிப் பலர் தம் தொழிலை எங்களிடம் மறைக்கின்றனர். தயவுசெய்து கூறுங்கள். மருந்தையோ அதன் நேரத்தையோ மாற்றித் தர வழியிருக்கலாம். சில காலம் தரையிலேயே வேலை செய்யுமாறு கடிதமும் தரலாம்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. விபத்து நேர்ந்தபின் படுக்கையருகே அமர்ந்து, பதிவு செய்யாமற்போனோமே என வருந்தும் குடும்பங்களை நாங்கள் காண்கிறோம். உடல் நலமாக இருக்கும்போதே பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து, அட்டை இருக்குமிடத்தை வீட்டாரிடம் கூறி வையுங்கள்.