பெட்டகத்துக்குள் ஓர் இட்லிப்பானை

டெக்ஸஸில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் துப்பாக்கிப் பெட்டகம் வாங்கப் போயிருக்கிறார். கதவில் ஒட்டியிருந்த சீட்டில் ‘1,200 டிகிரி, 30 நிமிடம் தீ தாங்கும்’ என்று இருந்ததாம். “தட்டிப் பார்த்தால் தகர டப்பா மாதிரி இருக்கிறது சார், இதுவா தாங்கும்?” என்று கேட்கிறார்.

நியாயமான சந்தேகம். இரும்புத் தகடு சூட்டை வாங்கி உள்ளே கடத்திவிடும், அவ்வளவுதான். தாங்குவது அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஜிப்சம் பலகை. ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கிறார்களே, அதே சரக்கு.

தொட்டால் காய்ந்துதான் இருக்கும். ஆனால் ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! ஒவ்வொரு கால்சியம் சல்ஃபேட்டோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. 100 கிலோ ஜிப்சத்தில் சுமார் 21 கிலோ, ஒன்றரைக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது கட்டவிழ்ந்து ஆவியாகக் கிளம்பும். ஒரு கிலோ தண்ணீரை 0-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல், அதை ஆவியாக்க வேண்டும். வெளியே வீடே எரிந்தாலும் பலகைக்குள் நுழையும் வெப்பத்தில் பெரும்பகுதி இந்த வேலைக்கே செலவாகிவிடுகிறது. உட்புறம் சூடேற நேரமாகிறது.

இட்லிப்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் இட்லி வேகுமே தவிர கருகாது. சீரியல் பார்த்துக்கொண்டு மறந்துபோனால், தண்ணீர் வற்றியதும் துணி தீயும், தட்டு கறுக்கும். சீட்டில் போட்டிருக்கும் 30 நிமிடம் ஏறக்குறைய அந்தத் தண்ணீர் வற்றும் நேரம்தான். இன்னொரு பொருத்தமும் உண்டு: இட்லி ஈரமாகத்தான் வெளியே வரும், துப்பாக்கியும் அப்படியே. தீ அணைந்து பெட்டி ஆறியதும் திறந்து துடைத்து எண்ணெய் போடாவிட்டால் குழல் துருவேறிவிடும். சட்னிதான் பாக்கி.

கதவிடுக்கில் ஒட்டியிருக்கும் பட்டை சூடுபட்டதும் தீபாவளிப் பாம்பு மாத்திரை போல உப்பி இடைவெளியை அடைக்கும். அது தனிக் கதை.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு வரி: பெட்டிச் சுவருக்குள் நீர்விடும் உப்புகளை அடைக்கும் உபாயத்துக்கு லிவர்பூலைச் சேர்ந்த தாமஸ் மில்னர் 1840-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ‘புதிய தொழில்நுட்பம்’ என்று விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சீட்டில் சோதித்தவர் யார் என்று இருக்கிறதா? அமெரிக்காவின் யு.எல். அமைப்பு நடத்தும் ஒரு மணி நேரச் சோதனையில் உலை 927 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், பெட்டிக்குள் 177-ஐத் தாண்டக் கூடாது. கடைச் சீட்டின் 1,200 ஃபாரன்ஹீட்டில், செல்சியஸில் 649தான். பல கம்பெனிகள் தாங்களே கேள்வி கேட்டுத் தாங்களே மார்க் போட்டுக்கொள்கின்றன. திருட்டு விஷயத்திலும் இதே லட்சணம். அங்கே விற்கும் பெரும்பாலான துப்பாக்கிப் பெட்டகங்கள், யு.எல். கணக்கில் ‘சேஃப்’ என்ற தகுதியே பெறாதவை. ‘குடியிருப்புப் பாதுகாப்புப் பெட்டி’ என்ற கீழ்ப்படியில் நிற்பவை. அதன் அடிப்படைச் சோதனை, சுத்தியலும் 18 அங்குலத்துக்கு மிகாத நெம்புகம்பியும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முட்டிப் பார்ப்பது.

ஆகவே போல்ட் முக்கியம். பெட்டியை மல்லாக்கச் சாய்த்துவிட்டால் திருடன் தன் முழு எடையையும் கம்பியின் மேல் போடலாம். தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, சுவர் மூலையில் நிறுத்தினால் கம்பியை வீச இடமிருக்காது. ஆனால் டெக்ஸஸ் வீடுகள் பலவற்றில் தளத்து கான்கிரீட்டுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றன. ஸ்கேன் பண்ணாமல் துளை போட வேண்டாம்.

விரல்ரேகைப் பூட்டு நல்லதா என்றும் கேட்டிருந்தார். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெட்டிகள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் திறக்கக்கூடும் என்பது காரணம். அவற்றில் ஒன்றிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்ததாக வழக்கும் உண்டு. சாதாரண எண்பூட்டு போதும் ஐயா. பிள்ளையின் பிறந்த தேதியை மட்டும் எண்ணாக வைத்துவிடாதீர்கள். அவன் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான்.