முதிர்ந்த பூனைகளின் மலஜல உபாதைகள்

தை மாதம் முதல் நாள் மதுரையை அடுத்த அவனியாபுரத்தில் நடைபெறும் ஜல்லிக்கட்டுக்கு வரும் காளைகளைக் கால்நடை வைத்தியர்கள் பரிசோதித்த பின்னரே வாடிவாசலுக்குள் அனுப்புகின்றனர். 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்ட இவ்வூரிலும், சுற்றியுள்ள கண்மாய்ப் பாசனக் கிராமங்களிலும், காளைக்கும் கறவைப் பசுவுக்கும் கிடைக்கும் வைத்தியம், நெல் மூட்டைகளை எலிகளிடமிருந்து காக்கும் பூனைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பத்து வருஷம் உழைத்த பூனை ஒரு நாள் மூட்டையருகே அசுத்தம் செய்துவிட்டால், அதைச் சாக்கிற் கட்டித் தொலைவில் விட்டுவருவோர் உண்டு. முதிர்ந்த பூனையிடத்தில் இது துர்க்குணமன்று. பெரும்பாலும் வியாதியின் குறியே.

வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையின் வழிவந்த பிராணியாதலின், வீட்டுப் பூனை இயல்பாகவே குறைந்த தண்ணீர் குடிப்பது. எலியும் பறவையும் தின்னும் காலத்தில் அவற்றின் மாமிசத்திலுள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். பல் விழுந்து வேட்டை தளர்ந்த பின், வெறுஞ்சோறும் கருவாடும் ஆகாரமாகும்போது அந்த ஈரம் கிடைப்பதில்லை. குடலில் தங்கும் மலம் நீர் வற்றி இறுகி, மலபந்தம் உண்டாகிறது. வயோதிகப் பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதடைவதும் சாதாரணம். அப்போது பூனை மிகுதியாகத் தண்ணீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். உடலோ வறண்டே இருக்கும். இதனை ஆரோக்கியம் என்று எண்ணி ஏமாறலாகாது. உஷ்ணம் 100 டிகிரி பாரன்ஹீட்டைக் கடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்வுபாதை மிகும்.

கால்மூட்டு நோவு மற்றொரு காரணம். சுவரேறிக் குதித்து வெளியே சென்று, கோடையில் இறுகிய மண்ணையோ ஐப்பசியிற் சேறான மண்ணையோ தோண்டுவது கிழப்பூனைக்கு இயலாத வேலை. ஆகவே அருகிலுள்ள உமிக்குவியலையோ சாக்கையோ நாடுகிறது. ஒரு பக்கம் இரண்டு மூன்று அங்குல உயரமே உள்ள தட்டில் ஒன்றரை அங்குலம் மணலிட்டு, ஆகாரம் வைக்குமிடத்திற்குத் தூரமாக, சந்தடியற்ற மூலையில் வைத்தால் போதும். தட்டைப் பினாயில் கொண்டு கழுவலாகாது. அது பூனைக்கு விஷம். மலத்தை அன்றாடம் அகற்ற வேண்டும். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி மனிதருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் செல்லும். எனினும் கர்ப்பிணிகள் இவ்வேலையைச் செய்யாதிருப்பதே நலம்.

மலத்தை இளக்கவெனப் பால் ஊற்றுவது வழக்கம். வளர்ந்த பூனைகளிற் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. அதனால் வருவது பேதியேயன்றிக் குணமன்று. அன்றியும் பாற்சோறு மட்டுமே தின்னும் பூனைக்கு, மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்து, கண்ணும் இருதயமும் கெடும். உப்பும் வெங்காயமும் சேர்க்காது வேகவைத்து முள் நீக்கிய மீனை, வெந்த நீருடனேயே கொடுக்கலாம். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் மண்சட்டியில் தண்ணீர் வைப்பதற்குச் செலவொன்றுமில்லை.

மிகவும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பூனை அடிக்கடி குந்தி முக்குவதைக் கண்டவுடன் மலபந்தம் என்று முடிவு செய்வது அபாயம். கடுவனாயின், மூத்திரத் துவாரம் அடைபட்டிருக்கலாம். முக்கியும் சிறுநீர் சொட்டாமல், கத்திக்கொண்டு, பின்புறத்தை ஓயாது நக்கினால் இவ்வடைப்பையே சந்தேகிக்க வேண்டும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்கலாகாது. மூத்திரப்பை வெடித்துவிடக் கூடும். வைத்தியரிடம் அன்றே கொண்டுசெல்ல வேண்டும்.

மலபந்தமே என்று தெரிந்தாலும் மனிதருக்கான பேதி மருந்தையும் எனிமாவையும் உபயோகித்தல் தகாது. எனிமாக்களுள் பாஸ்பேட் சேர்ந்தவை பூனையைக் கொல்லக்கூடியவை. நோவு தீரவென்று கொடுக்கும் ஒரே பாரசிட்டமால் மாத்திரையும் அவ்வாறே. இரண்டு நாள் மலம் கழியாமலோ, வாந்தியுடன் ஆகாரத்தை வெறுத்தோ இருக்கும் பூனையை மூடிய கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. கடைசியாக மலமும் சிறுநீரும் கழிந்த நாள், தின்ற ஆகாரம், வீட்டிலோ வயலிலோ எலிமருந்து வைத்ததுண்டா என்பன முதலியவற்றை வைத்தியர் கேட்பார்; அவற்றைத் தெரிந்தவரே உடன் செல்லவேண்டும்.