முள் குத்தியும் வலிக்கவில்லையா?

கோல சிலாங்கூர் செம்பனைக் காட்டில் முள் ஏறாத கால் ஏது, தோழர்களே? பிடுங்கி எறிந்துவிட்டு நாம் அடுத்த குலைக்குப் போகிறோம். இனிப்புநீர்க்காரருக்கு அப்படியில்லை. பாதம் மரத்திருந்தால் முள் உள்ளே கிடப்பதே தெரியாது. வலிதான் இல்லையே என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வரும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இனப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு இந்த நோய்!

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள். வருஷம் ஒரு தடவை கேளுங்கள். புண் சீழ் பிடித்தாலோ, கறுத்தாலோ, கால் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்கிறீர்களா? டாக்டர் எம்.சி. கொடுத்தால் 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு லீவு உண்டு. 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசில் சொல்லிவிடுங்கள்.