தூங்கா நகரம் (மதுரை)

தூங்கா நகரம் என்பது தமிழ்நாட்டிலுள்ள மதுரை மாநகருக்கு வழங்கும் சிறப்புப் பெயர்களுள் ஒன்றாகும். கூடல், நான்மாடக்கூடல், ஆலவாய் என்பன இலக்கியங்களிலும் தலபுராணத்திலும் பயின்றுவரும் பெயர்கள். தூங்கா நகரம் என்பது மக்கள் வழக்கில் நிலைபெற்ற பெயராகும். வைகை ஆற்றின் கரையில் அமைந்த இந்நகர் பாண்டியர்களின் தலைநகரமாகவும், பின்னர் மதுரை நாயக்கர்களின் தலைநகரமாகவும் விளங்கியது. நள்ளிரவுக்குப் பின்னரும் இங்கு உணவும், பேருந்தும், மக்கள் நடமாட்டமும் காணப்படுவதே இப்பெயருக்குக் காரணமாகும்.

பல பெருநகரங்களில் இரவு வாழ்வு என்பது கேளிக்கை விடுதிகளைச் சார்ந்து அமைந்துள்ளது. மதுரையின் இரவு அவ்வாறு உருவானதன்று. சந்தை, கோயில், ஆலை, பயணம் ஆகிய நான்கும் மக்களை இரவில் விழித்திருக்கச் செய்தன. அவ்வாறு விழித்திருந்தோருக்காகக் கடைகள் தோன்றின. எனவே மதுரையில் இரவில் காணத்தக்க இடங்கள் பெரும்பாலும் எவரோ ஒருவர் வேலை செய்யும் இடங்களாகவே உள்ளன.

சங்க இலக்கியத்தில் மதுரையின் இரவு

பத்துப்பாட்டு நூல்களுள் மிக நீளமானது மதுரைக்காஞ்சி ஆகும். 782 அடிகளைக் கொண்ட இதனை இயற்றியவர் மாங்குடி மருதனார். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். இந்நூல் மதுரையின் ஒரு முழு நாளை வரிசையாக விவரிக்கின்றது. பகலில் இயங்கிய கடைத்தெரு நாளங்காடி எனவும், மாலை முதல் இயங்கிய கடைத்தெரு அல்லங்காடி எனவும் அழைக்கப்பட்டன. அல் என்பது இரவைக் குறிக்கும். அல்லங்காடியில் எழுந்த ஆரவாரத்தைப் பலவகைப் பறவைகள் ஒருங்கே எழுப்பும் ஒலியோடு புலவர் ஒப்பிடுகிறார்.

பொழுது சாய்ந்த பின்னர் நகரம் யாமம் யாமமாகக் காட்டப்படுகிறது. முதல் யாமத்தில் விளக்குகளும் இசையும் வழிபாடும் நிறைந்துள்ளன. அது கழிந்தபின் வணிகர்கள் கடைகளை அடைக்கின்றனர். அடையும் மோதகமும் விற்போர் தம் பண்டங்களின் அருகிலேயே உறங்குகின்றனர். விழாவில் ஆடிய கூத்தரும் ஓய்கின்றனர். நள்ளிரவில் நூலேணியுடன் திரியும் கள்வர்களும், அவர்களைத் தேடும் ஊர்க்காவலர்களும் மட்டுமே விழித்திருக்கின்றனர். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் காவலர் சோர்வின்றிச் சுற்றிவந்தனர் என்று நூல் கூறுகிறது. நகரின் ஒரு பகுதியினர் உறங்குவதற்கு மற்றொரு பகுதியினர் விழித்திருக்க வேண்டும் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தமை இதனால் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், கண்ணகி வெயில் தாங்கமாட்டாள் என்பதால் கோவலன் இரவில் நடந்து மதுரைக்குச் செல்லலாம் எனக் கவுந்தியடிகளிடம் கூறுகிறான். பாண்டியன் நாட்டில் இரவு வழிப்பயணத்துக்கு விலங்குகளாலும் தீங்கு நேராது என்ற புகழே அவன் காட்டும் காரணம் ஆகும். அவ்வாறு நம்பி வந்தவர்களுக்கு அத்தலைநகரில் நீதி கிடைக்காமல் போனதே காப்பியத்தின் திருப்புமுனையாக அமைகின்றது.

நகர அமைப்பும் விளக்குத்தூணும்

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி ஆகிய வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்து சதுர வடிவில் அமைந்துள்ளன. இவற்றைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில், 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. அகழியும் தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் உருவாயின. மதிலும் வாயிலும் உள்ள நகரம் இரவில் கதவடைத்துக்கொள்ளும். மதில் நீங்கியதால் சுற்றுப்புற ஊர்களிலிருந்து எந்நேரமும் வந்து செல்ல வழி ஏற்பட்டது.

பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்ட இரும்பு விளக்குத் தூண் இன்றும் கீழ மாசி வீதிப் பகுதியில் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள பகுதி விளக்குத்தூண் என்றே அழைக்கப்படுகிறது. மதுரையின் நெரிசல் மிகுந்த கடைவீதிகளுள் இதுவும் ஒன்று. தீபாவளிக்கு முந்தைய இரவில் விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் நடைபாதைக் கடைகள் விடியும் வரை விற்பனை செய்வது வழக்கம். பண்டிகைக்கு முந்தைய நாளில்தான் கையில் பணம் சேரும் கூலித் தொழிலாளர் பலர் அந்த இரவிலேயே பிள்ளைகளுக்குத் துணி எடுக்கின்றனர்.

ஆலைகளும் இருப்புப்பாதையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் இருப்புப்பாதை அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்வி சகோதரர்களின் மதுரா மில் தொடர்வண்டி நிலையத்தின் அருகில் நிறுவப்பட்டது. பின்னர் கருமுத்து தியாகராசர் நிறுவிய மீனாட்சி ஆலை முதலிய பிற நூற்பாலைகளும் தோன்றின. ஆலைகள் முறை மாற்றி இரவும் பகலும் ஓடின. நள்ளிரவில் வேலை முடித்து வருவோருக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் சூடான உணவு தேவைப்பட்டது. சாலையோர இட்லிக் கடைகளும் தேநீர்க் கடைகளும் இரவு முழுவதும் இயங்க இது முதன்மையான காரணமாயிற்று. ஆலைகளின் காலம் மங்கிய பின்னரும் அக்கடைகளின் வழக்கம் நீடித்தது.

திரையரங்குகளின் இரண்டாம் ஆட்டமும் இதற்குத் துணைசெய்தது. 1952இல் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டு, ஆசியாவின் மிகப் பெரிய திரையரங்குகளுள் ஒன்றாகக் கூறப்பட்டது. படம் முடிந்து நள்ளிரவு கடந்து வெளியே வரும் கூட்டத்துக்கு எதிரே உணவுக் கடை திறந்திருக்கும். தங்கம் திரையரங்கு பின்னர் மூடப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது.

இரவு உணவு

மதுரையின் இரவு உணவுகளுள் குறிப்பிடத்தக்கவை பின்வருமாறு:

இட்லி: நடைபாதைக் கடைகளில் பல வகைச் சட்னிகளுடன் பரிமாறப்படுகிறது. இக்கடைகளுள் பல ஒரு குடும்பத்தினரால், பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் நடத்தப்படுபவை.

பரோட்டா: சால்னாவுடன் உண்ணப்படுகிறது. கொத்துப் பரோட்டா செய்யும்போது தோசைக்கல்லில் எழும் தாள ஓசை, கடை திறந்திருப்பதைத் தெருமுனையிலேயே அறிவித்துவிடும்.

கறி தோசை: தடித்த தோசையின் மீது முட்டையும் ஆட்டுக்கறியும் பரப்பிச் சுடப்படுவது. சிம்மக்கல் பகுதி இதற்குப் பெயர்பெற்றது.

பருத்திப்பால்: ஊறவைத்த பருத்தி விதையை அரைத்துப் பிழிந்த பாலுடன் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சப்படுவது. தள்ளுவண்டிகளில் சூடாக விற்கப்படுகிறது.

ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின் அல்லது கடற்பாசி, நன்னாரிச் சாறு, பனிக்கூழ் ஆகியன சேர்ந்த குளிர்பானம். விளக்குத்தூண் பகுதியிலுள்ள கடைகளில் இரவிலும் கூட்டம் காணப்படும்.

கோயிலும் திருவிழா இரவுகளும்

மீனாட்சி கோயிலில் ஒவ்வோர் இரவும் பள்ளியறைப் பூசை நடைபெறுகின்றது. சொக்கநாதரின் பாதுகை சிறு பல்லக்கில் வைக்கப்பட்டு, இசை முழங்க அம்மன் சன்னதியிலுள்ள பள்ளியறைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. இதன் பின்னர் நடை சாத்தப்படுகிறது. கோயில் உறங்கும் நேரத்தில் அதைச் சுற்றியுள்ள வீதிகள் விழித்திருப்பது இந்நகரின் தனித்தன்மை எனலாம்.

சித்திரைத் திருவிழாவின்போது நகரம் பல இரவுகள் தொடர்ந்து விழித்திருக்கின்றது. அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகரைத் தல்லாகுளம் பகுதியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது எதிர்சேவை எனப்படும். மறுநாள் விடியற்காலையில் அவர் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார். இதனைக் காண வருவோர் முந்தைய இரவு முழுவதும் ஆற்றங்கரையிலும் வீதிகளிலும் தங்குகின்றனர். அடுத்து வரும் இரவுகளில் இராமராயர் மண்டபத்தில் விடியும் வரை தசாவதாரக் காட்சியும், அதன்பின் தல்லாகுளத்தில் பூப்பல்லக்கும் நடைபெறுகின்றன. தைப்பூசத்தை ஒட்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறும். இக்குளக்கரை பிற நாள்களிலும் மாலை நேரத்தில் குடும்பத்தினர் கூடும் இடமாக உள்ளது.

இரவு முழுவதும் நிகழும் நாடகக் கலைக்கும் மதுரை மையமாக விளங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அவருடைய வள்ளி திருமணம் முதலிய நாடகங்கள் சுற்றுப்புற மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் இரவில் தொடங்கி விடியற்காலையில் முடிவது வழக்கம்.

பயணமும் சந்தையும்

திண்டுக்கல் மாவட்டம் 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை சாணார்பட்டி, நத்தம், நிலக்கோட்டை முதலிய ஊர்களுக்கு மதுரையே மாவட்டத் தலைநகரமாக இருந்தது. மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி, மொத்தச் சந்தை ஆகிய எதற்கும் மதுரைக்கு வந்து திரும்பவேண்டிய நிலை இருந்தமையால், இரவுப் பேருந்தும் இரவு உணவும் நகரத்தாருக்கு மட்டுமன்றி இக்கிராமத்தாருக்கும் உரியனவாயின. அரசு இராசாசி மருத்துவமனையில் உள்ள நோயாளிகளுக்குத் துணையாக வந்தோரை அருகிலுள்ள கோரிப்பாளையத்துக் கடைகளில் எந்த இரவிலும் காணலாம்.

1999இல் திறக்கப்பட்ட மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் வழித்தடப் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. மாட்டுத்தாவணியில் காய்கறி, பூச் சந்தைகளும் உள்ளன. இரவில் சரக்குந்துகளில் வரும் காய்கறி விடிவதற்குள் கைமாறிவிடுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இங்கு விற்பனையாகின்றது. மொட்டு மலர்வதற்கு முன் பறிக்கப்பட வேண்டும் என்பதால் தோட்டத் தொழிலாளர்களின் வேலை விடியலுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது.

சட்டமும் பாதுகாப்பும்

கடைகளின் திறப்பு, அடைப்பு நேரங்களை 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட கடைகள் ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் எனத் தமிழக அரசு 2019இல் மூன்றாண்டுகளுக்கு அனுமதி அளித்து ஆணையிட்டது. 2022இல் இவ்வனுமதி மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. எனினும் தூங்கா நகரம் என்னும் பெயரை ஈட்டித் தந்த இட்லிக் கடைகளும் பருத்திப்பால் வண்டிகளும் பத்துப் பேரை வேலைக்கு வைப்பவை அல்ல. ஆகவே பெரிய கடைகளுக்குக் கிடைத்த உறுதி இவற்றுக்கு அவ்வாணையால் கிடைக்கவில்லை. தெரு வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க நடுவண் அரசு 2014இல் தனிச்சட்டம் இயற்றியது. நகர விற்பனைக் குழுக்களை அமைத்து, வணிகர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழ் வழங்க அது வழிசெய்கிறது.

பெண்கள் இரவில் தொழிற்சாலைகளில் வேலை செய்வதைத் தடுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் செல்லாது என அறிவித்து, பாதுகாப்பு, போக்குவரத்து முதலிய நிபந்தனைகளை விதித்தது. 2019ஆம் ஆண்டு ஆணையும் இரவு எட்டு மணிக்குப் பின் பெண்கள் வேலை செய்ய அவர்களின் எழுத்து வடிவ ஒப்புதலையும் தகுந்த பாதுகாப்பையும் கட்டாயமாக்கியது.

கொரோனா பெருந்தொற்றின்போது 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத ஊரடங்காலும், 2021 ஏப்ரலிலும் 2022 சனவரியிலும் விதிக்கப்பட்ட இரவு ஊரடங்காலும் மதுரை வீதிகள் இரவில் வெறிச்சோடின. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வைகையில் வழக்கமான சித்திரைக் கூட்டம் கூடவில்லை. 2022 ஏப்ரலில் மக்கள் மீண்டும் பெருந்திரளாகக் கூடியபோது, அழகர் ஆற்றில் இறங்கிய விடியற்காலையில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். இதன்பின் கூட்டக் கட்டுப்பாடு திருவிழா ஏற்பாடுகளில் முதன்மை பெற்றது.

பிற நகரங்கள்

இந்தியாவில் அகமதாபாத்தின் மாணிக் சவுக்கும் இந்தோரின் சராபா கடைத்தெருவும் பகலில் நகைக் கடைவீதிகளாகவும் இரவில் உணவுத் தெருக்களாகவும் இயங்குகின்றன. மும்பையில் 2020 சனவரியில் வணிக வளாகங்களும் உணவகங்களும் குறிப்பிட்ட பகுதிகளில் இரவு முழுவதும் திறந்திருக்க அனுமதிக்கப்பட்டது. இலண்டனில் 2016இல் வார இறுதி இரவுகளில் சுரங்கத் தொடர்வண்டி இயங்கத் தொடங்கியது. இவ்விரு நகரங்களிலும் இரவைத் திறந்துவைக்க அரசின் திட்டம் தேவைப்பட்டது. மதுரையில் அது ஆலைத் தொழிலாளி, பூ வணிகர், பயணி, பக்தர் ஆகியோரின் தேவையால் தானாக உருவாகியது. அதனை நிலைபெறச் செய்வதில்தான் இங்கு அரசுக்கும் மாநகராட்சிக்கும் பங்குள்ளது.