முப்பது வருடம் நடந்த தெருவில் ஒரு நாள் விருந்தாளியாக

"நீங்கள் தொழில் பழகிய தெருவுக்கு எத்தனை வயது?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு வியட்நாம்காரர். 2024ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் என் வீட்டில் இராச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பொத்தான், ஸிப், லைனிங் துணி என்று தையல் சாமான்கள் அனுப்புகிறவர். பதினாறு வயதில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் கடைப்பையனாகச் சேர்ந்துதான் வியாபாரம் பழகினேன் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே இப்படிக் கேட்டுவிட்டார்.

பதில் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக நடந்த தெரு. எந்தக் கடையில் எந்தத் துணி மலிவு, யார் கடன் கொடுப்பார், யார் கொடுக்கமாட்டார் என்பதெல்லாம் தெரியும். தெருவின் வயது மட்டும் தெரியாது.

"நாளை மறுநாள் எனக்கு வேலை இல்லை. உங்கள் பழைய ஊரையும் கோயில்களையும் காட்டுங்கள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, இரவெல்லாம் யோசித்தேன். என்னத்தைக் காட்டுவது?

ஹோய் அனில் அவர் காட்டியது

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2018இல் கொள்முதலுக்காக நான் வியட்நாம் போயிருந்தேன். முதலில் ஹோ சி மின் நகரில் இறங்கி, டொங் டூ வீதியில் இருக்கும் பள்ளிவாசலில் தொழுதேன். 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளி அது. பிறகு தா நாங் நகரில் வேலை முடிந்ததும், இவர் ஒரு காரும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து ஒரு நாள் முழுக்க என்னைச் சுற்றிக் காட்டினார்.

காலையில் மீ சோன். தா நாங்கிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். சம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் அங்கே இருக்கின்றன. அங்கே கோயில் கட்டத் தொடங்கியது 4ஆம் நூற்றாண்டில். 1969இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் பல கோபுரங்கள் இடிந்தன. மாலையில் ஹோய் அன். சீன, ஜப்பானிய வியாபாரிகள் தங்கி வியாபாரம் செய்த பழைய துறைமுக ஊர். ஆற்று வாய் மண் நிறைந்து கப்பல்கள் தா நாங்குக்குப் போய்விட, ஊர் படுத்துவிட்டது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 1999இல் யுனெஸ்கோ இரண்டு இடங்களையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

என்னை ஆச்சரியப்படுத்தியது கட்டடங்கள் அல்ல. துணி தைப்பவர், கூடு விளக்கு விற்பவர், நூடில்ஸ் கடைக்காரி, யாரைக் கேட்டாலும் தன் கடை இருக்கும் வீட்டின் கதையைச் சொன்னார்கள். படுத்த ஊரை அந்தக் கதைதான் எழுப்பி நிறுத்தியிருக்கிறது. 2024இல் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டார் 1 கோடி 70 இலட்சத்துக்கும் மேல். அதே ஆண்டில் நம் நாட்டுக்கு வந்தவர்கள் 20 இலட்சத்துக்குச் சற்று அதிகம்.

கிழமை பார்க்கத் தெரிந்த பையன்

மறுநாள் காலை, பயணத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டு, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியைப் பிடித்தேன். இருபத்தெட்டு வயது இருக்கும். கத்தோலிக்கப் பையன். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை கழுத்தில் தொங்கியது. கூலியை டொலரில் சொன்னான். 'நம் ஊரைக் காட்ட நமக்கே இவ்வளவா?' என்று மனம் கணக்குப் போட்டது. பேரம் பேசாமல் சம்மதித்தேன்.

அவன் முதலில் கேட்டது, "முதலாளி, எந்தக் கிழமை?" என்றுதான். வியாழன் என்றதும் "நல்லது" என்றான். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நெரிசல். வெள்ளி என்றால் ஜும்ஆ, பள்ளியை நிதானமாகப் பார்க்க முடியாது. ஞாயிறும் போயா தினமும் புறக்கோட்டை மொத்தக் கடைகள் பூட்டு. ஒரு ஊரின் நான்கு சமயங்களுடைய நேரமும் அந்தப் பையனின் விரல் நுனியில் இருந்தது. அவன் கூலியில் பாதி இதற்கே சரி என்று அப்போதுதான் பட்டது.

இரண்டாவதாக ஒன்று சொன்னான். "நான் எந்தக் கடைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். நீங்களாகக் கேட்டால் போவோம். கடைக்காரர் எனக்குக் காசு தந்தால், எவ்வளவு என்று உங்கள் முன்னாலேயே சொல்லிவிடுவேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

காலை ஏழரைக்கு வெள்ளவத்தையிலிருந்து வேனில் கிளம்பினோம். முதலில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். முழுக்கக் கருங்கல். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே வெயில் கொதிக்க, உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. விருந்தாளி தூண்களைத் தொட்டுப் பார்த்து, மீ சோன் நினைவு வருகிறது என்றார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

பிறகு தீபதுத்தாராம விகாரை. பௌத்தக் கொடி 1885இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட இடம் அது என்றான் பையன். வியட்நாமிலும் அதே கொடியைத்தான் விகாரைகளில் கட்டுகிறார்கள். தன் ஊர்க் கொடி இங்கேயிருந்து வந்ததா என்று விருந்தாளி திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்தது ஒல்லாந்தரின் வுல்பெண்டல் தேவாலயம். 1749இல் தொடங்கி 1757இல் முடித்தது. அந்தப் பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம். இந்த நாட்டில் ஓநாய் ஏது? நரியைப் பார்த்து ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்று பையன் சொன்னதும் மூவரும் சிரித்தோம். அந்த வீதிக்கு நான் எத்தனை ஆயிரம் தடவை சரக்கு அனுப்பியிருப்பேன்! சிட்டையில் பெயரை எழுதியிருக்கிறேனே தவிர, அதன் பொருளை ஒரு நாளும் கேட்டதில்லை.

கொச்சிக்கடை வாசலில்

அந்தோனியார் கோயிலை நாங்கள் கடைசியாக வைத்துக்கொண்டோம். உண்மையில் அதைத் தள்ளிப்போட்டது நான்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று தாக்கப்பட்ட தேவாலயங்களில் இதுவும் ஒன்று. நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன் பின் மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் நம்மவர் கடைகள் தாக்கப்பட்டன. என் கடையிலும் வருடக்கணக்காக வந்த வாடிக்கையாளர் பலர் வரவில்லை. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகள் 2019இல் 19 இலட்சமாகக் குறைந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாசலுக்கு மட்டும் ஐந்து வருடமாகப் போகவில்லை. தாடியும் தொப்பியுமாக எப்படிப் போய் நிற்பது?

"நான் வேனில் இருக்கிறேன் தம்பி" என்றேன். பையன் என்னை வற்புறுத்தவில்லை. "முதலாளி, என் மாமி அன்றைக்கு உள்ளே இருந்தார். காயத்தோடு தப்பினார். இங்கே எல்லா மதத்தவரும் வருவார்கள். நீங்கள் வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வராவிட்டால்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றான்.

இறங்கினேன். இறந்தவர்களின் நினைவிடத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மெழுகு சொட்டும்" என்றார். அவ்வளவுதான். ஐந்து வருடம் நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. வேனுக்குத் திரும்பும்போது விருந்தாளி என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

புறக்கோட்டையும் கொமிஷன் கணக்கும்

செட்டியார் தெருவில் நகைக் கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஆடிவேல் தேர் இங்கேயிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுகிறது. ளுஹருக்கு இரண்டாம் குறுக்குத் தெரு ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிக்கு வந்து சேர்ந்தோம். சம்மாங்கோட்டுப் பள்ளி, சிவப்புப் பள்ளி என்று நாம் சொல்வது. நான் கடைப்பையனாக இருந்த காலத்தில் தினமும் தொழுத பள்ளி. தொழுகை முடிந்து வெளியே வந்தால், பையன் விருந்தாளிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். இந்திய முஸ்லிம் வியாபாரிகளின் முயற்சி. வரைபடம் தந்த ஹபீபு லெப்பை சாஹிபு லெப்பை, கட்டடக் கலையை முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். குவிமாடங்கள் மாதுளம்பழ வடிவம்.

மாதுளம்பழம்! அண்ணாந்து பார்த்தேன். ஆமாம், மாதுளம்பழமேதான்.

என் தெருவின் வயதையும் அவன்தான் சொன்னான். 1344இல் இப்னு பதூதா கொழும்புக்கு வந்து, செரந்தீபின் அழகான பெரிய ஊர் என்று எழுதிவைத்தார். போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே துறைமுகமும் சந்தையும் இருந்திருக்கின்றன. விருந்தாளி குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "அப்படியானால் உங்கள் சந்தை ஹோய் அனுக்கு இளையது அல்ல" என்றார்.

மாலையில் வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலோடு பயணம் முடிந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். வழிகாட்டி, வேன்காரர், மதியச் சோறு போட்ட ஹோட்டல், தேங்காய்ப்பூ வட்டிலப்பம் விற்ற கடை, செவ்விளநீர்க்காரர், கறுவாவும் மிளகும் வாங்கிய பலசரக்குக் கடை, தேயிலைக் கடை, ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிய நகைக் கடை. ஒரே மனிதருக்காக ஒரே நாளில் எட்டுக் கைகளுக்குக் காசு போயிருக்கிறது. நகைக் கடையில் பையனுக்குக் கொடுக்க வந்த கொமிஷனை, சொன்னபடியே எங்கள் முன்னால் சொல்லி, "அதை விலையில் கழித்துவிடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்டான். விருந்தாளி அதன் பிறகுதான் இன்னொரு மோதிரமும் எடுத்தார்.

இப்போது, காலையில் நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டாரைக் கூட்டிவரும் த்ரீவீலர்காரர்களுக்கு என் கடையில் நூற்றுக்குப் பத்து கொடுத்துவந்தேன். அந்தப் பத்தை வாங்குகிறவர் தலையில்தான் கட்டினேன். விலைச் சீட்டு இல்லாத துணிகளுக்கு முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள் என் பையன்கள். இதை வியாபார சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அப்படி வாங்கிப்போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதை யோசித்ததில்லை. என் பாதி வயதுப் பையன், ஒரு மோதிர விலையில் எனக்கு அதைக் காட்டிவிட்டான்.

நாம் செய்யக்கூடியவை

அடுத்த மாதமே என் கடையில் எல்லாத் துணிக்கும் விலைச் சீட்டு ஒட்டினேன். த்ரீவீலர் கொமிஷனை நிறுத்தினேன். முதல் சில மாதம் வெளிநாட்டு முகங்கள் குறைந்தன என்பதை மறைக்கவில்லை. இப்போது வருகிறவர்கள், முன்பு வாங்கிப்போனவர்கள் சொல்லி வருகிறார்கள். என் அனுபவத்தில் சக வியாபாரிகளுக்குச் சில யோசனைகள்:

1. கடை தொடங்கிய வருடத்தைப் பெயர்ப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதுங்கள். வாப்பாவிடமும் மூத்தப்பாவிடமும் கதையைக் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள். அவர்கள் போனால் கதையும் போய்விடும்.

2. உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒரே விலை.

3. வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதானால் வெளிப்படையாகக் கொடுங்கள். விலையில் ஒளிக்காதீர்கள்.

4. சுத்தமான ஒரு கழிப்பறை. பத்து விளம்பரத்துக்குச் சமம்.

5. ஆங்கிலமும் ஊர்க் கதையும் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பயிற்சியையும் அதிகார சபையின் அனுமதியையும் பெற்றால் இது மரியாதையான தொழில். எல்லோரும் கல்லாப்பெட்டியில்தான் உட்கார வேண்டும் என்றில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு விடுமுறை நாளில், வெளிநாட்டார் யாரும் இல்லாமலே, ஒரு வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து உங்கள் தெருவையே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சென்ற மாதம் என் இரண்டு மகன்மாரோடு மறுபடி போனேன். அதே பையன்தான் வந்தான். கொச்சிக்கடையில் இந்தத் தடவை நான்தான் முதலில் வேனை விட்டு இறங்கினேன்.