வாக்குக் கணக்கு – 9: ஊர் இரண்டுபட்டால் மட்டும் போதாது

1967 தேர்தலில் விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். அகில இந்திய காங்கிரஸின் தலைவரை, அவர் பிறந்த ஊரிலேயே, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற பெ. சீனிவாசன் என்ற இளைஞர் வென்றார். மொழிப் பிரச்சினை தமிழகத்தை இரண்டாகப் பிளந்தது, மக்கள் காங்கிரஸை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டார்கள் என்றுதான் இந்தக் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. ஆனால் அந்தத் தேர்தலின் எண்கள் வேறு கதை சொல்கின்றன. மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வாங்கிய வாக்குகள் 41 சதவீதம், தி.மு.க. வாங்கியது அதைவிடச் சற்றுக் குறைவு. 1962-ல் 46 சதவீத வாக்குகளோடு 206-க்கு 139 இடங்களைப் பிடித்த காங்கிரஸ், வெறும் ஐந்து சதவீதம் சரிந்ததும் 234-க்கு 51 இடங்களில் வந்து நின்றது. தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. ஐந்து சதவீதச் சரிவுக்கு இத்தனை பெரிய விலையா? மக்கள் மனம் மாறியதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. எதிர்த்தரப்பு வாக்குகள் எப்படி ஒன்று சேர்க்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும்.

1962-ல் பெரும்பாலும் தனித்தனியே நின்ற எதிர்க்கட்சிகள் 1967-ல் ஒரே பந்தலின் கீழ் வந்தன. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி, இந்தியை எதிர்த்தே வளர்ந்த தி.மு.க.வோடு கைகோத்தார். அவருடைய சுதந்திராக் கட்சி சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பிடித்தது. சிவகாசி மக்களவைத் தொகுதியும் அதற்கே போனது. முதலாளிகளின் கட்சி என்று பேசப்பட்ட சுதந்திராவோடு அதே கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியும் 11 இடங்களை வென்றது. அரிசித் தட்டுப்பாடும் ரூபாய்க்குப் படியரிசி வாக்குறுதியும்தான் காங்கிரஸைத் தோற்கடித்தன, மொழி அல்ல என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். அரிசி கோபத்தைக் கிளப்பியது. மொழி அந்தக் கோபத்துக்கு ஒரு கொடியைக் கொடுத்தது. இரண்டில் எது பெரிது என்று எடை போட்டாலும், தொகுதிக்கு ஒரே எதிர் வேட்பாளர் என்ற ஏற்பாடு இல்லாமல் அந்தக் கோபம் இத்தனை இடங்களாக மாறியிருக்காது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற நம் முறையில் ஊர் இரண்டுபட்டால் மட்டும் போதாது; ஒரு பாதி ஒன்றாக நிற்க, மறுபாதி மறுபடியும் உடைய வேண்டும்.

இந்த முறையை நமக்குக் கொடுத்த பிரிட்டனிலும் இதே கணக்குதான். 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9 சதவீதம் பேரும், நீடிக்க 48.1 சதவீதம் பேரும் வாக்களித்தார்கள். நாடு கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிளந்தது. ஆனால் அடுத்த ஆண்டே நடந்த பொதுத்தேர்தலில் அந்தப் பிளவு முழுதாக வெளிப்படவில்லை. வெளியேறுவதை ஏற்பதாகக் கன்சர்வேட்டிவ், லேபர் என இரு பெரிய கட்சிகளும் சொன்னதால், இரண்டுமாகச் சேர்ந்து 82 சதவீத வாக்குகளை அள்ளின. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2019 டிசம்பரில் நிலைமை மாறியது. கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன், பிரெக்ஸிட் எனப்பட்ட அந்த வெளியேற்றத்தை முடித்தே தீருவேன் என்றார். நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் ஒதுங்கியது. எதிர்த்தரப்பில் லேபர் மறுவாக்கெடுப்பு என்றது. லிபரல் டெமாக்ரட் கட்சியோ வெளியேற்றத்தையே ரத்து செய்வோம் என்றது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியையும் பசுமைக் கட்சியையும் சேர்த்தால், நீடிக்கவோ மறுவாக்கெடுப்பு நடத்தவோ விரும்பிய கட்சிகள் பாதிக்குச் சற்று மேலாகவே வாக்கு வாங்கின. ஆனால் 43.6 சதவீதத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி 650-க்கு 365 இடங்களைப் பிடித்தது. லண்டனின் கென்சிங்டன், நீடிக்கவே பெருவாரியாக வாக்களித்த தொகுதி. அங்கே லேபரும் லிபரலும் வாக்கைப் பங்கு போட்டுக்கொள்ள, கன்சர்வேட்டிவ் 150 வாக்குகளில் வென்றது. 1970 முதல் டென்னிஸ் ஸ்கின்னரைத் தேர்ந்தெடுத்துவந்த போல்சோவர் என்ற சுரங்கத் தொழிலாளர் தொகுதியும் அதே நாளில் லேபரின் கையைவிட்டுப் போனது.

பெரிய பிரச்சினை எதுவானாலும் அது தேர்தலைத் தீர்மானித்துவிடும் என்ற எண்ணத்துக்குச் சிவகாசி வட்டாரமே மறுப்பு. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளிக்கு வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதியைச் செய்யும் இந்தப் பகுதியில், நாரணாபுரத்தில் தொடங்கி வெம்பக்கோட்டை வரை, இதைவிடப் பெரிய வயிற்றுப் பிரச்சினை வேறில்லை. இருந்தும் எந்தத் தேர்தலிலும் இது வாக்குகளை இரு கூறாக்கவில்லை. காரணம் எளிது: இங்கே பட்டாசுக்கு எதிராகப் பேசி வாக்குக் கேட்க எந்தக் கட்சியும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் நிற்கும்போது, பிரச்சினை எவ்வளவு சுட்டாலும் வாக்குச்சீட்டில் அதற்கு இடமில்லை. ஈழப் பிரச்சினையும் இங்கே அப்படித்தான். 2009 மே 13 வாக்குப்பதிவின்போது ஈழத்தில் போர் அதன் கடைசி நாள்களில் இருந்தது. ஈழத்துக்காகவே அரசியல் வாழ்வில் பெரும்பகுதியைச் செலவிட்ட வைகோ, விருதுநகர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் 15,764 வாக்குகளில் தோற்றார். ஈழத் தமிழருக்கு எதிராக இங்கே யாரும் வாக்குக் கேட்கவில்லை. ஆளுங்கூட்டணிக்கு எதிரான வாக்குகளோ பிரிந்தன: தனித்து நின்ற தே.மு.தி.க. 1,25,229 வாங்கியது. அவர்களில் ஏழில் ஒருவர் வைகோ பக்கம் போயிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

வாக்குகளை இப்படிக் கூட்டிக் கழிப்பது சரியா, ஒருவருக்குப் போட்டவர் இன்னொருவருக்குப் போட்டிருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வி நியாயமானது. 2019 விருதுநகரே இதற்குச் சான்று. அ.தி.மு.க., பா.ஜ.க., தே.மு.தி.க. எல்லாம் ஒரே அணியில் நின்றும் காங்கிரஸிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேலான வாக்குகளில் தோற்றன. தனித்து நின்ற அ.ம.மு.க.வின் ஒரு லட்சத்துச் சொச்சத்தை அப்படியே சேர்த்தாலும் எட்டாது. 2024-ல் அதே தொகுதியில் அ.தி.மு.க. அணியின் விஜய பிரபாகரன் 4,379 வாக்குகளில் தோற்றார். அணியைவிட்டுப் பிரிந்த பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமார் 1,66,271 வாங்கியிருந்தார். ஆக, பிளவு எப்போதும் வெல்ல வைப்பதில்லை. இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போதுதான் சிதறலுக்கு விலை உண்டு. பிரெக்ஸிட் 52-க்கு 48 என்பதால்தான் அதன் நிழல் இத்தனை தேர்தல்கள் நீள்கிறது.

பிரெக்ஸிட் முடிந்துபோன விவகாரம், 2024-ல் யாரும் அதைப் பேசவே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. பேச்சு அடங்கியது உண்மை. பிளவு அடங்கவில்லை, சிதறல்தான் பக்கம் மாறியது. 2019-ல் ஒதுங்கிய ஃபராஜின் ஆட்கள், ரிஃபார்ம் யூகே என்ற பெயரில் 14.3 சதவீதம் வாங்கினார்கள், கன்சர்வேட்டிவ் 23.7-ல் நின்றது. இரண்டையும் கூட்டினால் 38. அதைவிடக் குறைவாக, 33.7 சதவீதம் வாங்கிய லேபருக்கு 411 இடங்கள். ஜான்சனை 2019-ல் தூக்கிய அதே கணக்குதான் 2024-ல் அவர் கட்சியைக் கவிழ்த்தது. நம்மூரிலும் 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை வந்தபின் இந்தி தேர்தல் மேடையில் பின்னுக்குப் போனது. அந்தப் பிளவில் உருவான அணிவகுப்போ காங்கிரஸைத் திரும்ப ஆட்சிக்கு விடவில்லை.

அதனால் 2029-க்குள் வரவேண்டிய அடுத்த பிரிட்டிஷ் தேர்தலைக் கவனிப்பவர்கள், ஐரோப்பாவைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கன்சர்வேட்டிவும் ரிஃபார்மும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றனவா, அல்லது ஒன்று மற்றொன்றை விழுங்குகிறதா? எதிர்ப்பக்கம் லேபர், லிபரல், பசுமைக் கட்சி வாக்காளர்கள் தொகுதிக்குத் தொகுதி வலுவான ஒருவரின் பின்னால் திரள்கிறார்களா? விடை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. கோடு கிழிப்பதைப் பேச்சாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெற்றி, தன் பக்கத்தை ஒன்றாகக் கட்டத் தெரிந்தவருக்கே போகும். 1967-ல் ராஜாஜியோடு உட்கார்ந்து தொகுதி பேசிய அண்ணாவுக்கு அது தெரிந்திருந்தது.

(தொடரும்)