ஓங்கி மீட்டினால் ஓசை ஓங்குமா?

தந்தியை வலிந்து மீட்டினால் ஓசை மிகும் என்பது யாவரும் அறிந்ததே. மின்சாரக் கிற்றாரிலோ இவ்விதி ஓர் எல்லையோடு நின்றுவிடுகின்றது. 1962ஆம் ஆண்டில் இலண்டனில் ஜிம் மார்ஷல் ஆக்கத் தொடங்கிய ஒலிபெருக்கிகள் போன்றவற்றில், பெருக்கத்தை உச்சத்துக்கு ஏற்றினால், வால்வுகள் ஒலியலையின் முகட்டைக் கத்தரித்துவிடும். கரகரத்த கர்ச்சனை பிறப்பது அதனாலேயே. அதன்பின் கை எத்துணை வலுத்தாலும் ஓசை அவ்வளவாக உயராது. தந்தி மிகையாக இழுபட்டுச் சுருதியே சற்று ஏறும். பல தந்திகளை ஒருங்கே மீட்டினாலோ சுரங்கள் கலங்கும்.

இளங் கலைஞர்களே! விரலை வருத்துவதை விடுத்துப் பெருக்கத்தைச் சற்றே குறைத்துப் பாருங்கள். மெல்ல மீட்டினால் தெளிவும், வலிந்து மீட்டினால் கர்ச்சனையும் அப்போது உங்கள் கையிலிருந்தே பிறக்கும். ஓயாது உரத்துப் பேசுவோரைவிட, ஏற்ற இறக்கத்தோடு பேசுவோருக்கன்றோ நாம் செவி கொடுக்கின்றோம்? இசையும் அவ்வாறே.